சுரங்கத்தின் மறுமுனையில் யார்?

2022 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை. அரசுக்கு எதிரான போராட்டங்களுக்கு நடுவே இலங்கையில் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், ட்விட்டர் எல்லாம் முடக்கப்பட்டிருந்தன. விபிஎன் இருக்கும் காலத்தில் இத்தகைய தடையால் ஒரு பயனும் இல்லை, நானே அதன் வழியாகத்தான் இதை எழுதுகிறேன் என்று ட்விட்டரில் ஒருவர் பதிவிட்டார். அவர் தெருவில் நின்ற போராட்டக்காரர் அல்லர். தடைபோட்ட அதே அரசில் அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ச. விபிஎன்னுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடைக்காது.

ஆனால், அது தடையைத் தாண்டும் திறனுக்குக் கிடைத்த சான்று. அந்தரங்கத்தைக் காக்கும் திறன் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் இந்தச் சரக்கு விற்கப்படுகிறது.

நம் போனிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் மேலும் அனுப்புநர், பெறுநர் என இரண்டு ஐபி முகவரிகள் இருக்கும். விபிஎன் செயலி அந்தப் பொட்டலத்தைப் பூட்டி, வேறோர் உறைக்குள் போட்டு, பெறுநர் இடத்தில் தன் சர்வரின் முகவரியை எழுதுகிறது. சிம் கொடுத்த நிறுவனத்துக்கு அந்த வெளியுறை மட்டுமே தெரியும். சர்வர் உறையைப் பிரித்து, அனுப்புநராகத் தன்னையே குறித்துக்கொண்டு உரிய தளத்துக்கு அனுப்பும். சர்வர் ஆம்ஸ்டர்டாமில் இருந்தால், திருநெல்வேலியில் உட்கார்ந்திருப்பவர் அந்தத் தளத்துக்கு ஆம்ஸ்டர்டாம்காரர். பூட்டு உறுதியானதுதான். 2020இல் லினக்ஸ் கெர்னலில் இடம்பிடித்த வயர்கார்டு என்ற விபிஎன் நெறிமுறையின் மூலநிரலை யார் வேண்டுமானாலும் படித்துச் சோதிக்கலாம்.

சிக்கல், உறையைப் பிரிப்பவரிடம் இருக்கிறது. நாம் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்று முன்பு இணைய நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது. இப்போது விபிஎன் நிறுவனத்துக்குத் தெரிகிறது. 2013இல் ஃபேஸ்புக் வாங்கிய ஒனாவோ, பாதுகாப்பு தருவதாகச் சொல்லி ஓர் இலவச விபிஎன்னை வழங்கியது. யார் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் திறந்து வைத்திருக்கிறார் என்ற கணக்கு அதன் வழியே ஃபேஸ்புக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. வேலியே பயிரை மேய்ந்தது. 2018இல் ஆப்பிள் ஆட்சேபித்த பிறகு அதன் கடையிலிருந்து செயலி விலகியது. 2023இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் துணை நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

காசு கொடுத்து வாங்கினால் மட்டும்? பதிவேடு வைப்பதில்லை என்று விளம்பரம் செய்த ப்யூர்விபிஎன்னின் பதிவேடுகள், 2017இல் எஃப்பிஐ விசாரித்த ஒரு வழக்கில் தடயமாயின. பிடிபட்டவன் ஒரு பெண்ணை இணையத்தில் விடாமல் துன்புறுத்தியவன். அவன் சிக்கியதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால், இல்லை என்று சொன்ன பதிவேடு எங்கிருந்து வந்தது?

எல்லோரும் அப்படியல்ல. 2023 ஏப்ரலில் சுவீடன் போலீசார் முல்வாட் நிறுவனத்தின் அலுவலகத்துக்குச் சோதனை ஆணையோடு வந்து, வெறுங்கையோடு திரும்பினர். அந்த நிறுவனம் வாடிக்கையாளரின் பெயரையோ மின்னஞ்சலையோ கேட்பதில்லை. ஓர் எண்ணைத் தருகிறது, அவ்வளவுதான். மாதக் கட்டணம் 5 யூரோவை உறையிலிட்டு ரொக்கமாகவே தபாலில் அனுப்பலாம். வாக்குறுதியைவிட, கையில் எதையுமே வைத்துக்கொள்ளாத இந்த ஏற்பாட்டைத்தான் நான் நம்புவேன்.

விளம்பரங்கள் சொல்லாமல் விடுவதும் உண்டு. விபிஎன்னைப் போட்டுக்கொண்டு ஜிமெயிலுக்குள் நுழைந்தால், நுழைந்தது நாம்தான் என்று கூகுளுக்குத் தெரியும். குக்கிகளும், திரையின் அளவு, எழுத்துருக்கள் போன்ற பிரவுசரின் அங்க அடையாளங்களும் ஐபி மாறினாலும் மாறுவதில்லை. ரயில் நிலைய வைஃபையில் வங்கிக் கடவுச்சொல் திருட்டுப் போகும் என்ற பயமுறுத்தலும் பழைய கதை. வங்கித் தளங்கள் தாமே குறியாக்கம் செய்துதான் அனுப்புகின்றன.

இந்தியாவில் நிலைமை இன்னும் விசித்திரம். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணை, வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி ஆகியவற்றை விபிஎன் நிறுவனங்கள் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. அலுவலகங்கள் தம் ஊழியர்களுக்கு வைத்திருக்கும் விபிஎன்னுக்கு விலக்கு உண்டு. குற்றவாளிகளைப் பிடிக்க இது உதவலாம்தான். ஆனால், சேர்த்து வைத்த பட்டியல் என்றாவது கசியும் என்ற அச்சமும் நியாயமானதே. எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன், சர்ஃப்ஷார்க் ஆகியவை இந்தியாவிலிருந்த தம் சர்வர்களை அகற்றிவிட்டன. அதன்பின் எக்ஸ்பிரஸ்விபிஎன்னின் பட்டியலில் ‘இந்தியா’வைத் தேர்ந்தால் இந்திய ஐபிதான் கிடைத்தது. அதைக் கொடுத்த சர்வர் இருந்ததோ சிங்கப்பூரிலோ பிரிட்டனிலோ.