முப்பதாயிரம் ரூபாய் மணமும் மூவாயிரம் ரூபாய் மணமும்

ஆண்களுக்கான வாசனைத் திரவியங்களில் மிக அதிகமாகக் காப்பியடிக்கப்பட்டவற்றுள் ஒன்று, கிரீட் நிறுவனம் 2010இல் வெளியிட்ட அவென்டஸ். அதன் 100 மில்லி பாட்டில் அமெரிக்காவில் 500 டாலரை ஒட்டி விற்கிறது. இந்தியாவில் 30,000 ரூபாயைத் தாண்டும். துபாயின் ஸ்டெர்லிங் நிறுவனம் அர்மாஃப் என்ற பெயரில் 2015இல் கொண்டுவந்த கிளப் டி நுயி இன்டென்ஸ் மேன், 105 மில்லி, ஏறக்குறைய 3,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. "அதே வாசனைதான், கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்கிறார்கள் ஒரு சாரார். "முதல் ஸ்பிரேயிலேயே சாயம் வெளுத்துவிடும்" என்கிறார்கள் மறுசாரார். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் எந்த நேரத்து வாசனையைப் பற்றிப் பேசுகிறோம் என்று இருவருமே சொல்வதில்லை. ஒரு சென்ட் அடித்த நொடியில் ஒன்றாகவும் மதியத்தில் இன்னொன்றாகவும் இருக்கும். ஆகவே நேரத்தோடு சேர்த்து எடைபோட்டால்தான் இந்த வழக்கு தீரும்.

முதலில் ஒரு தெளிவு. அவென்டஸ் என்றே லேபிள் ஒட்டி, அதே பாட்டில், அதே அட்டைப்பெட்டியில் பாதி விலைக்கும் கால் விலைக்கும் விற்பது போலி. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அங்கே யாரும் பொறுப்பில்லை. தோலில் அடித்துக்கொள்ளும் பொருளை அப்படி வாங்குவதை எந்த நியாயத்தாலும் ஆதரிக்க முடியாது. அர்மாஃப் அந்த வகையில் வராது. தன் பெயரோடும் முகவரியோடும் வந்து, மணத்தை மட்டும் பின்பற்றுகிறது. வளைகுடாவில் வேலைபார்த்து ஊர் திரும்புகிறவர்களின் பெட்டியில்தான் இத்தகைய எமிரேட்ஸ் சரக்கை நம்மில் பலர் முதலில் பார்த்தோம். அதனாலேயே "துபாய் சென்ட்" என்றதும் உசத்தி என்றோ மட்டம் என்றோ முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறோம். இரண்டையும் ஒதுக்கிவிட்டு முகர்ந்து பார்ப்பதே முறை.

அவென்டஸ் அப்படி என்ன சாதித்தது? பழத்தையும் புகையையும் ஒரே மூச்சில் நிற்க வைத்தது. அடித்ததும் அன்னாசி, பெர்கமோட், பிளாக்கரன்ட்; அடியில் பிர்ச் மரத்தின் கருகல், பச்சௌலி, ஓக் மரத்துப் பாசி, கஸ்தூரி. சென்ட் தொழிலில் அன்னாசி மணத்தைப் பழத்திலிருந்து வடித்து எடுப்பதில்லை. அலைல் ஹெக்சனோயேட் போன்ற சேர்மங்களைக் கொண்டு கட்டுகிறார்கள். அவை ஒரு துளி கூடினால் மணம் மிட்டாயாகிவிடும். பிர்ச் தார் ஒரு துளி கூடினால் தீப்பிடித்த வீட்டின் வாடை வரும். இனிப்பைப் புகை அறுக்கவும் புகையின் கசப்பைப் பழம் தணிக்கவும் ஏற்ற விகிதத்தைப் பிடித்ததுதான் இங்கே படைப்பு. பொருள்கள் பெரும்பாலும் எல்லாருக்கும் கிடைப்பவை, விகிதம் தேடிக் கண்டடைய வேண்டியது. இந்தப் பெருமையை அவென்டஸிடமிருந்து எந்த மலிவுச் சரக்கும் பறிக்க முடியாது. மலிவுச் சரக்கைப் பாராட்டப்போகும் நானும் இதை முதலில் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டவன்.

இனிச் சோதனை. கடையில் நீட்டும் காகிதப் பட்டையை நம்பி முடிவெடுக்கக் கூடாது. தோல் வேண்டும், நேரம் வேண்டும், எது எதுவென்று தெரியாமல் முகர்ந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். இடது முன்கையில் அர்மாஃப், வலது முன்கையில் அவென்டஸ் என்று அடித்துக்கொண்டு தம்பியிடம் நீட்டினேன். இடது கையை முகர்ந்ததும் முகத்தைச் சுளித்தான். "அண்ணா, இது தரை துடைக்கிற எலுமிச்சை லிக்விட் மாதிரி இருக்கே" என்றான். வலது கையை முகர்ந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மறுபடி முகர்ந்தான். அரைமணி நேரம் கழித்துக் கேட்டபோதும் விலை கூடியதைச் சரியாகச் சுட்டினான், ஆனால் இரண்டு கைகளையும் மாறி மாறி முகர்ந்து யோசித்த பிறகுதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டபோது மாற்றிச் சொன்னான்.

ஒரு மூக்கின் சாட்சியத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்பது சரிதான். ஆனால் இரண்டையும் போட்டுப் பழகியவர்கள் பெரும்பாலும் சொல்வதும் இதே வரிசையைத்தான்: தொடக்கம் முரடு, நடுப்பகுதி நெருக்கம், முடிவு ஏறத்தாழ ஒன்று. இதற்கு வேதியியல் காரணமும் இருக்கிறது. எலுமிச்சை வகை மணங்கள் சிறிய மூலக்கூறுகள், கால் மணி நேரத்தில் பறந்துவிடுபவை. அந்த இடத்தில் மென்மை வேண்டுமென்றால் இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பெர்கமோட் போன்ற நல்ல இயற்கை எண்ணெய்க்குச் செலவழிக்க வேண்டும். செலவைக் குறைக்கும் கை முதலில் வெட்டுவது இதைத்தான். அடித்தளமோ ஆம்ப்ராக்ஸான் (அம்பர் மணம் தரும் சேர்மம்), செயற்கைக் கஸ்தூரி போன்றவற்றால் கட்டப்படுவது. சந்தையில் எல்லாருக்கும் கிடைக்கும் சரக்கு. கேஸ் குரோமடோகிராஃபிக் கருவியில் ஒரு சென்ட்டைச் செலுத்தினால் உள்ளே என்னென்ன மூலக்கூறு எவ்வளவு என்று பட்டியல் வந்துவிடும். ஜிவாதான், சிம்ரைஸ் போன்ற மூலப்பொருள் நிறுவனங்கள் வெளியே விற்காமல் வைத்திருக்கும் தனி மூலக்கூறுகளும், நூற்றுக்கணக்கான கூறுகள் கொண்ட இயற்கை எண்ணெய்களும்தான் அந்தக் கருவிக்குச் சிக்கல் தருபவை. எனவே நகலின் தோல்வி தொடக்கத்திலும் வெற்றி இறுதியிலும் இருப்பது தற்செயலானதல்ல.

நீடிப்பில் அர்மாஃப் முந்துகிறது. ஓ டி டாய்லெட், அதாவது செறிவு குறைந்த வகை, என்று லேபிள் இருந்தாலும் உரத்துப் பேசும் மணம். சட்டைக் காலரில் பட்டால் மறுநாள் காலையிலும் அந்தக் கருகல் இருக்கும். அவென்டஸ் மதியத்துக்கு மேல் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. இதை மட்டும் வைத்து நகலே மேல் என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. நம் ஊர் வெயிலில் எந்த மணமும் வேகமாக எழும்பும். நெரிசலான பேருந்திலும் கதவு மூடிய ஏசி அறையிலும் ஆறு ஸ்பிரே அடித்த அர்மாஃப் பக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலி. இன்னொன்றும் உண்டு: கஸ்தூரி, ஆம்ப்ராக்ஸான் போன்ற கனமான மூலக்கூறுகள் சிலருடைய மூக்குக்கு எட்டுவதே இல்லை, எட்டுகிறவர்களுக்கும் சற்று நேரத்தில் பழகிப்போய்விடும். "எனக்கு வாசனையே வரவில்லை, அவென்டஸ் போய்விட்டது" என்று சொல்கிறவர், அடுத்தவர் மூக்கைக் கேட்காமல் அதைச் சொல்லக் கூடாது.

எந்த அவென்டஸோடு ஒப்பிடுகிறோம் என்ற கேள்வியும் இருக்கிறது. பாட்டிலில் அச்சிட்ட தொகுதி எண்ணைப் பார்த்து வாங்குவது இதன் ரசிகர்கள் வழக்கம். சில தொகுதிகள் புகை தூக்கலாகவும் சில பழம் தூக்கலாகவும் இருப்பதாகச் சொல்கிறார்கள். அர்மாஃப் நெருங்குவது புகை தூக்கிய வகையை. பழச் சாறு சொட்டும் அவென்டஸை மனத்தில் வைத்துக்கொண்டு இதை வாங்கினால் ஏமாற்றம் நிச்சயம்.

தொடக்கத்தின் முரட்டுத்தனத்துக்கு ஒரு வைத்தியம் பரவலாகச் சொல்லப்படுகிறது: வாங்கியதும் சில முறை அடித்துவிட்டு, பாட்டிலை மாதக்கணக்கில் அலமாரியில் வைத்தால் மணம் பழுத்துவிடுமாம். காற்று புகுந்தால் எலுமிச்சைக் கூறுகள் சிதையும், கூர்மை கொஞ்சம் மழுங்கும் என்பதுவரை ஏற்கலாம். இல்லாத அன்னாசி அதனால் வந்துவிடாது. மேலும், அந்த எலுமிச்சைக் கூறுகளில் ஒன்றான லிமோனீன் காற்றுப்பட்டுச் சிதைந்தால் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தருவது தெரிந்த செய்தி. இதைவிட எளிய வழி, புறப்படுவதற்கு அரைமணி முன்னால் அடித்துக்கொள்வது. முரட்டுப் பகுதி வீட்டிலேயே கழிந்துவிடும்.

இனி நியாயத்தின் பக்கம். ஒருவர் கண்டுபிடித்த விகிதத்தை இன்னொருவர் கருவியில் போட்டு எடுத்து விற்பது சரியா? சட்டம் இதில் ஒரே குரலில் பேசவில்லை. 2006 ஜூனில், சில நாள் இடைவெளியில், பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் மணத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்றது; நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் உண்டு என்றது. 2009இல் லோரியல், பெல்யூர் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், எங்கள் சென்ட் இன்ன பிராண்டைப் போல மணக்கும் என்று ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு விற்பது அந்தப் பிராண்டின் புகழை முறையின்றிச் சுரண்டுவது என்றது. மணத்தைப் பின்பற்றுவதை மட்டும் அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை.

வாசனைத் தொழிலின் வரலாறும் கைசுத்தமானதல்ல. பிரான்சுவா கோட்டியின் சீப்ர் என்ற சென்ட் 1917இல் வந்தது. 1919இல் ஷாக் கெர்லான் அதே எலும்புக்கூட்டில் பீச் பழத்தின் மணத்தைச் சேர்த்து மிட்சுகோ செய்தார். சீப்ர் என்பது ஒரு குடும்பத்தின் பெயராகவே ஆனது. அவென்டஸும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். கிரீட்டின் 1985ஆம் ஆண்டு கிரீன் ஐரிஷ் ட்வீடும், வாசனைக் கலைஞர் பியர் பூர்தோன் செய்து 1988இல் வந்த டேவிடாஃப் கூல் வாட்டரும் நெருங்கிய சொந்தம் என்பது முகர்ந்தவர்களுக்குத் தெரியும். கிரீட் தன் படைப்புகளைக் குடும்பத்தின் பெயரிலேயே வெளியிட்டது. பூர்தோன் போன்ற வெளியாட்கள் செய்து கொடுத்தவற்றுக்கு அந்தக் குடும்பம் பெயர் வாங்கிக்கொண்டது என்று கேப் ஓப்பன்ஹைம் 2021இல் 'தி கோஸ்ட் பெர்ஃப்யூமர்' என்ற நூலில் வாதிட்டார். ஆகவே, நகல் வாங்கினால் கலைஞனின் வயிற்றில் அடிக்கிறோம் என்ற வாதம் இங்கே பலவீனமானது. ஆடம்பரப் பொருள் நிறுவனமான கெரிங் குழுமம் 2023இல் கிரீட்டை 350 கோடி யூரோவுக்கு வாங்கியது. 30,000 ரூபாயில் பெரும்பகுதி போய்ச் சேருவது அந்தப் பெயரின் மதிப்புக்கே.

இப்படிச் சொல்வதால் அர்மாஃப் மிட்சுகோ ஆகிவிடாது. கெர்லான் எடுத்தார், சேர்த்தார். சேர்த்ததால் புதியது பிறந்தது. அர்மாஃப் எடுத்தது, எதையும் சேர்க்கவில்லை. படைப்பு என்ற தராசில் அதற்கு மதிப்பெண் இல்லை. தயாரிப்பு என்ற தராசில் நல்ல மதிப்பெண் உண்டு. இந்த இரண்டு தராசுகளையும் குழப்புவதால்தான் இது குறித்த பேச்சில் பாதி வீணாகிறது.

மற்ற மாற்றுகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மோன்ப்ளாங்கின் எக்ஸ்ப்ளோரர் 2019இல் வந்தது. அன்னாசியை விட்டுவிட்டு வெட்டிவேர், பச்சௌலிப் பக்கம் நகர்ந்திருக்கிறது. தொடக்கம் மென்மை, மணம் அடக்கம்; அலுவலகத்துக்கு அர்மாஃபைவிடப் பொருத்தம், ஆனால் அவென்டஸ் நினைவு மங்கலாகவே வரும். அல் ஹரமைனின் லாவென்சர் எலுமிச்சையில் தொடங்கி எலுமிச்சையிலேயே அதிக நேரம் நிற்கிறது. என் கணக்கில் அர்மாஃபுக்குப் பின்னால்தான்.

என் தீர்ப்பு இது. முதல் அரைமணி நேரத்தில் அவென்டஸ் தெளிவாக மேல். அந்த அன்னாசி ததும்பும் தொடக்கத்துக்கு மலிவான ஈடு எனக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு வரும் மணி நேரங்களில் கிளப் டி நுயி இன்டென்ஸ் மேன் பத்தில் ஒரு பங்கு விலைக்குப் பெரும்பகுதியைத் தந்துவிடுகிறது. நாள் முழுக்க நம்மைச் சுற்றியிருப்பவர்கள் முகர்வதும் அந்த மணி நேரங்களைத்தான். மிச்சமாகும் 27,000 ரூபாய் அரைமணி நேர மென்மைக்குத் தகுமா என்றால், பெரும்பாலோருக்குத் தகாது என்றே சொல்வேன். கிரெடிட் கார்டில் தவணை போட்டு அவென்டஸ் வாங்க நினைக்கும் இளைஞர்களுக்கு இதை அழுத்தியே சொல்கிறேன்: வேண்டாம். அந்தத் தொடக்கத்தில் மனம் பறிகொடுத்தவர்கள், நம்பகமான விற்பனையாளரிடம் அசல் பாட்டிலிலிருந்து ஊற்றித் தரும் 5 மில்லியோ 10 மில்லியோ வாங்கி, நல்ல நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அர்மாஃப் வாங்குகிறவர்கள் பெட்டியில் 'இன்டென்ஸ்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத கிளப் டி நுயி மேன் வேறு மணம். அதே பெயரில் ஓ டி பர்ஃபம், பர்ஃபம் வகைகளும் உண்டு. நான் இங்கே எடைபோட்டது 105 மில்லி ஓ டி டாய்லெட். இரண்டு ஸ்பிரே போதும்.