வயதா, வாய்ப்பா?

தலைமுறை மாறினால் இலக்கியமும் தானே மாறிவிடும் என்பார் உளர். இக்கூற்று அரை உண்மையே எனக் கருதுகிறோம்.

1945இல் கன்னங்கரா கொணர்ந்த இலவசக் கல்வியும், தொடர்ந்து வந்த தாய்மொழிப் போதனையும் ஏழைகளின் பிள்ளைகளைப் பாடசாலையில் நிலைக்கச் செய்தன. ஈழத்துத் தமிழ் வாசகர் யார் என்பதே ஒரு தலைமுறைக்குள் மாறிற்று. தம் வாழ்வையும் பேச்சையும் அச்சிற் காண அவர்கள் விழைந்தனர். சிகையலங்காரத் தொழிலாளியான டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது; 1966இல் அவர் தொடங்கி, கையிற் சுமந்து விற்ற 'மல்லிகை' 400 இதழ்களைக் கடந்தது. ஜீவா அக்கல்வியின் பயனை நுகர்ந்தவரல்லர். அவரை வாசித்தோருட் பலரை ஆக்கித் தந்தது அக்கல்வியே. 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் சிலர் சீறியதும் இப்புதியோர் வருகை கண்டே.

அதே வயதினரான மலையகத் தோட்டப் பிள்ளைகளுக்கு அக்கதவு திறக்கவில்லை. அவர்தம் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான். வயது ஒன்றாயினும் வாய்ப்பு ஒன்றாக இருக்கவில்லை.

இன்று வணிகரும் பத்திரிகை முதலாளிகளும் 'இளைய தலைமுறை' என ஒரே சந்தையைக் காண்கின்றனர். இளையோர் எதை வாங்குவர் என்பது அவர்தம் கேள்வி. எவருக்கு இன்னும் வாசிக்கும் வாய்ப்புக் கிட்டவில்லை என்பதே விமர்சகரின் கேள்வியாதல் வேண்டும்.