பசுமைக்குப் புள்ளியிடுவோர் யார்?

திருகோணமலையைப் பிறர் அளந்த வரலாறு நீண்டது. ஐரோப்பியர் அதன் துறைமுகத்தின் ஆழத்தை அளந்தனர். ஆங்கிலேயர் தம் கடற்படையின் தேவையை அளந்து சீனன்குடாவில் எண்ணெய்க் குதங்களை வரிசையாக நிறுவினர். அவ்வளவைகளில் கடலும் கப்பலும் இடம்பெற்றன. கரையில் வாழ்ந்த மனிதன் இடம்பெறவில்லை. இன்று பல்கலைக்கழகங்களின் வாசலுக்குப் புதியதோர் அளவுகோல் பச்சை நிறம் பூண்டு வந்திருக்கிறது. அதையும் நாம் அதே கேள்வியுடன்தான் அணுக வேண்டும்: இங்கே மனிதன் எங்கே?

இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டில் தொடக்கிய ‘கிரீன்மெற்றிக்’ என்னும் தரவரிசையையே இங்குக் கருதுகிறோம். உலகின் பல பல்கலைக்கழகங்கள், இலங்கைப் பல்கலைக்கழகங்கள் சில உட்பட, அதிற் பங்குகொள்கின்றன. பல ஆண்டுகளாக அது கையாண்ட பங்கீடு இதுவாகும்: இட அமைப்பும் கட்டுமானமும் 15, சக்தியும் காலநிலை மாற்றமும் 21, கழிவு 18, நீர் 10, போக்குவரத்து 18, கல்வியும் ஆராய்ச்சியும் 18. நூற்றில் நீருக்குக் கிடைத்தது பத்து. ஆறனுள் அதுவே கடைசி.

முன்னுரிமைப் பட்டியலும் ஒரு நூலே. எதை முதலில் வைக்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதிலேயே அதன் உலகநோக்கு வெளிப்படும். தமிழ் கற்றோர்க்கு இது புதிதன்று. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். மரத்தையும் விலங்கையும் எண்ணிய கருப்பொருள் வரிசையில் மனிதனின் தொழிலையும் சேர்த்தார். பேராசிரியர் கா. சிவத்தம்பி திணைக் கோட்பாட்டின் அடியில் உற்பத்தி வாழ்க்கையைக் கண்டு காட்டினார். நிலமும் பொழுதும் தொழிலும் அறியாமல் ஒரு திணையைப் பாட இயலாதெனின், அவற்றை அறியாமல் ஒரு வளாகத்தின் பசுமையை எங்ஙனம் திட்டமிடுவது?

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் 2001இல் உருவானது. அது நிலாவெளிப் பக்கத்துக் கோணேசபுரியில் அமைந்துள்ளது. இக்கரையோரத்து நிலம் மணல். பொழுதோ ஒரு மாரியும் நீண்ட கோடையும். வடகீழ்ப் பருவக்காற்றின் மழை மணலுள் இறங்கி, கனத்த உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியல் கூறும் பொது விதி. ஆகவே, மேலே ஓரடி குறையும்போது கீழே உவர் 40 அடி எழ வழி பிறக்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் மின்பம்பியை அளவின்றி ஓடவிடுபவர் தமது கிணற்றை மட்டும் இறைக்கவில்லை. அயலவரின் கிணற்றையும் இறைக்கிறார். மலக்குழியின் கசிவும் குப்பையின் கசிவும் மணலில் விரைந்து பரவும். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையின் கிணறுகளை உவராக்கிச் சென்றதைக் கண்ட மக்களுக்கு, நன்னீர் எத்துணை மெல்லிய படை என்று எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இங்கே நீர் பத்துப் புள்ளிக்குரிய ஒரு தலைப்பன்று; ஏனைய தலைப்புகள் அனைத்தும் அதன்மேல்தான் நிற்கின்றன.

மேலும், இப்பட்டியலின் கண் பெரும்பாலும் மதிலுக்குள்ளேயே உலவுகிறது. கொட்டியாரக் குடாவின் கரையில் உள்ள சம்பூரை நினைவுகூர்வோம். 2006ஆம் ஆண்டுப் போரில் அம்மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களின் மண்ணில் நிலக்கரி அனல் மின்நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. மக்களின் எதிர்ப்பும் நீதிமன்ற வழக்கும் எழுந்தபின், 2016இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஒருகால் அது நிறைவேறிக் குடாவின் நீரும் மீனும் கெட்டிருந்தால், அதற்காக எந்த வளாகமும் புள்ளி இழந்திராது. கூரைமேற் சூரியத் தகடுகளை எண்ணத் தெரிந்த அளவுகோலுக்கு மீனவனின் வெறும் வலையை எண்ணத் தெரியாது.

இதனால் அளவீடே வேண்டாம் என்பது நமது கருத்தன்று. அளவில்லாத இடத்தில் வாக்குறுதியே ஆட்சி செய்யும். யூன் 5இல் மரம் நட்டுப் படம் பிடித்து, யூலையில் அம்மரத்தை மறந்துவிடுவது நம் நிறுவனங்கள் பலவற்றின் வழக்கம். பாடசாலைக் கவிதைப் போட்டிகளிலும் நாம் காண்பது இதுவே: மரத்தைத் தாயென்று போற்றும் வரிகள் குவிகின்றன, நீர் ஊற்றும் தொழிலாளியைப் பற்றி ஒரு வரி இல்லை. இத்தகைய போலிப் பசுமையைக் காட்டிலும் கணக்கெடுக்கும் பட்டியல் மேலானதே. ஆனால் பிறர் வகுத்த வினாத்தாளுக்கு விடை எழுதுவது மட்டும் கல்வியாகாது என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம்.

எனவே வரிசை மாறவேண்டும். முதலாவது, நிலத்தடி நீர்: கிணறுகளின் மட்டத்தையும் உவர்ப்பையும் மாதந்தோறும் அளத்தல், மாரியைத் தேக்குதல், கழிவுநீரைத் தூய்மையாக்கி மீளப் பயன்படுத்தல். இரண்டாவது, மண்ணுக்கேற்ற மரம்: நட்ட புற்றரையும் நட்ட பனையும் பட்டியலின் ஒரே நிரலில் அடங்கலாம், ஆயின் கோடை முழுதும் நீர் கேட்பது எது என்பதைப் புன்னையையும் தாழையையும் அறிந்த இந்நெய்தல் நிலம் சொல்லும். சித்த மருத்துவம் கற்பிக்கும் ஒரு வளாகத்துக்கு இது பாடமும் ஆகும். மூன்றாவது, மின்சக்தியும் ஏனையவும்.

இவற்றை விட முக்கியமானது, வரிசையை வகுக்கும் மேசையில் அமர்வோர் யாவர் என்பது. துணைவேந்தரும் விரிவுரையாளரும் மட்டும் போதார். குப்பை அள்ளும் தொழிலாளியும், விடுதி மாணவியும், அயற் கிராமத்து மீனவரும், கிணற்றை நம்பிப் பயிரிடும் தோட்டக்காரரும் அங்கே அமர வேண்டும். நீர் உவர்த்ததை ஆய்வுகூடத்துக்கு முன்பே அறிபவர்கள் அவர்கள். மாணவர் ஏட்டுடன் அவர்களின் முற்றத்துக்குச் சென்று கிணறுகளை அளந்து, கண்டதை அவர்களின் மொழியிலேயே அவர்களுக்குத் திருப்பிச் சொல்லும் நாளில், பல்கலைக்கழகம் தன் மதிலைக் கடந்துவிடும்.

அந்நாளில் தரவரிசையில் நமக்கு எந்த இடம் கிடைக்கும் என்பது தெரியாது. அயலவர் கிணற்றில் நீர் நன்னீராக இருக்குமாயின் அதுவே நாம் பெறவேண்டிய புள்ளி.