எடை தெரிந்தவருக்கே கரை

நியூயார்க்கின் மான்டாக் முனையில் இலையுதிர் காலத்து ஸ்ட்ரைப்டு பாஸ் மீன் வரத்து தொடங்கினால் போதும், லூரை (செயற்கை இரையை) மாற்றத் தெரிந்தவர்தான் கெட்டிக்காரர் என்ற பேச்சும் தொடங்கிவிடும். பாறைமேல் நின்றபடி பாப்பர், டார்ட்டர், நீடில்ஃபிஷ் என்று அடுத்தடுத்து மாட்டுபவரைப் புகழ்கிறோம். ஓர் ஓதம் முழுக்க மான்முடி கட்டிய பக்டெயில் ஜிக்கையே வீசுபவரைப் பிடிவாதக்காரர் என்கிறோம். இந்தக் கணிப்பு முழுத் தவறு. உண்மையில் அந்தக் கரையில் ஓயாமல் மாற்றிக்கொண்டிருப்பவர் அந்தப் பிடிவாதக்காரர்தான். முக்கால் அவுன்ஸிலிருந்து இரண்டு அவுன்ஸ்வரை ஈயத்தலையின் எடையை மாற்றுகிறார். சுருட்டும் வேகத்தை மாற்றுகிறார். கொக்கியில் கோத்த வாலை அகலமாகவோ ஒடுக்கமாகவோ மாற்றுகிறார். பின்னால் நின்று பார்ப்பவர் கண்ணில் இவை படுவதில்லை, அவ்வளவுதான்.

அவருடைய கணக்கு நீரிலிருந்து தொடங்குகிறது. வாடைக்காற்று அடித்து, பாறைகளைச் சுற்றி வெள்ளை நுரை கொதிக்கும்போது சிறுமீன்கள் நிலை தடுமாறும். பாஸ் கரையோரம் நெருங்கும். அந்த நீரில் எடை குறைந்த ஜிக்கை அலை தன் போக்கில் அள்ளிக்கொண்டு போகும், நூல் தொய்யும், மீன் தொட்டாலும் கைக்குத் தெரியாது. எனவே எடையைக் கூட்டி, நூலை விறைப்பாக வைத்து, அலை உள்வாங்கும்போது மெதுவாகவும் தள்ளும்போது விரைவாகவும் சுருட்டுகிறார். ஓதம் தளர்ந்ததும் அதே ஜிக் பாறையிடுக்கில் போய்ச் சிக்கும். சிக்காமலிருக்க வேகமாகச் சுருட்டினால் மந்தமான நீருக்கு அது பொருந்தாத ஓட்டம். அப்போது எடையைக் குறைத்து, அகலமான வாலைக் கோத்து, ஜிக்கை மிதக்கவிட்டாற்போல் இறக்குகிறார். புயலுக்குப் பின் பாசி மிதந்து வரும் நாளில், மும்முனைக் கொக்கிகள் தொங்கும் லூர்கள் வீச்சுக்கு வீச்சு பாசியை வாரிக்கொண்டு வரும். ஒற்றைக் கொக்கி அவ்வளவு வாராது. எந்த ஆழத்தில், எவ்வளவு நேரம், என்ன வேகத்தில் லூர் மீனின் முன்னால் இருக்கிறது என்பதே ஆட்டம். ஒரே லூரை வைத்திருப்பவருக்கு இம்மூன்றும் கைப்பழக்கமாகிவிடுகின்றன. அடிக்கடி மாற்றுபவர் ஒவ்வொரு முறையும் நீரைப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

கண்ணாடிபோல் தெளிந்து அடங்கிய இரவில், மெல்லிய மணல்விலாங்குகளை மீன் மேல்மட்டத்தில் மேயும்போது நீடில்ஃபிஷ்தானே வெல்லும் என்று கேட்பார்கள். வெல்லும், மறுக்கவில்லை. ஆனால் அந்த இரவிலும் மெல்லச் சுருட்டும் பொறுமைதான் மீனைத் தருகிறது. அந்தப் பொறுமை லூர்ப் பெட்டியைத் துழாவும் கைக்கு வாய்ப்பதில்லை. நிறம் முக்கியமில்லையா என்பது அடுத்த கேள்வி. பகல் நுரையில் வெள்ளை, இருட்டில் கறுப்பு என்ற பழைய வழக்கம் போதும். அதற்குமேல் நிறத்தில் செலவிடும் நேரம் வீண். செங்குத்துக் கரையின் களிமண் கரைந்து நீர் பழுப்பாகக் கலங்கிவிட்டால் எந்த லூரும் உதவாது. முனையைச் சுற்றிக் காற்று மறைந்த பக்கத்தில் தெளிந்த நீரைத் தேடி நடப்பவரே அன்று நல்ல ஆட்டக்காரர்.

இந்தப் பருவத்துக்கு என் கணிப்பு இது. முதல் வாடைக்காற்றிலேயே பெரிய பெட்டிக்காரர்கள் பின்தங்குவார்கள். அமைதியான இரவுகளில் சற்று மீள்வார்கள். பருவ முடிவில் ஜிக்காரரே முன்னால் நிற்பார். நாளொன்றுக்கு 28 முதல் 31 அங்குலம்வரை உள்ள ஒரே ஒரு மீனைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற விதி வந்தபின், பிடிப்பதில் பெரும்பகுதியைத் திரும்ப விட்டாக வேண்டும். ஒற்றைக் கொக்கியைச் சீக்கிரம் கழற்றலாம், மீனுக்கும் காயம் குறைவு. இந்தக் காரணத்துக்காகவும் வரும் ஆண்டுகளில் இளையவர்கள் இந்தப் பக்கம் வருவார்கள். அடுத்த முறை கரையில் ஒருவர் ஒரே லூரை வீசிக்கொண்டிருப்பதைக் கண்டால், லூரைப் பார்க்காதீர்கள். அவர் ரீலைச் சுற்றும் கையைப் பாருங்கள்.