நீதவானின் பார்வையில் படாத சிகிச்சை

கண்டி மாவட்டத்தின் வத்தேகம நகரத்துப் பையனானாலும் பக்கத்துத் தோட்டத்து லயத்துப் பையனானாலும், ஐஸ் போதைப்பொருள் பக்கெட்டோடு பிடிபட்டால் வழி ஒன்றுதான்: பொலிஸ், நீதவான் நீதிமன்றம், விளக்கமறியல், அடுத்த தவணை. தாய் கொழுந்து பறித்துச் சேர்த்த காசில் தண்டப்பணம் கட்டி மீட்டாலும், பழக்கம் அவனோடேயே வீடு திரும்புகிறது.

இதற்கு மாற்றாக 1989இல் அமெரிக்காவின் மயாமியில் தொடங்கியதே போதைப்பொருள் நீதிமன்றம். சம்மதிப்பவரைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள்; ஆனால் கைகழுவிவிட மாட்டார்கள். சிறுநீர்ப் பரிசோதனை முடிவோடு அவர் அடிக்கடி அதே நீதிபதிமுன் நிற்க வேண்டும். வேலை கிடைத்ததா, வகுப்புக்குப் போனாரா என்று நீதிபதியே கேட்பார். தேறினால் பாராட்டு, சறுக்கினால் சில நாள் காவல், ஒழுங்காக முடித்தால் பெரும்பாலும் வழக்குத் தள்ளுபடி. 154 மதிப்பீடுகளைத் தொகுத்து 2012இல் வெளியான ஆய்வின்படி, வயதுவந்தோருக்கான இந்நீதிமன்றங்களில் மீண்டும் குற்றம் புரிவோர் 50 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 38 சதவீதமாகக் குறைந்தனர்.

குறைகளும் சிறியவை அல்ல. தேறக்கூடியவர்களாகப் பார்த்துச் சேர்த்துக்கொண்டால் வெற்றிக் கணக்கு தானே உயரும். பல இடங்களில் முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இடையில் தோற்றவருக்குச் சாதாரண வழக்கில் கிடைப்பதைவிடக் கடுமையான தண்டனையும் விழலாம். ஹெரோயின் போன்றவற்றின் அடிமைத்தனத்துக்குக் கொடுக்கப்படும் மெதடோன் போன்ற மருந்தைச் சில நீதிமன்றங்கள் தடுத்ததுமுண்டு. அது மருத்துவர் முடிவுசெய்ய வேண்டிய விடயம்.

இலங்கை எங்கே நிற்கிறது? 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி, மருத்துவ அறிக்கையைப் பார்த்து ஒருவரைக் கட்டாய சிகிச்சைக்கு அனுப்ப நீதவானால் முடியும். ஆனால் மயாமி முறையின் உயிர்நாடியான தொடர் மேற்பார்வை இங்கே இல்லை. நீதிமன்றம் அனுப்பியவர்கள் இருந்த கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில், 2022 ஜூனில் ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர், அந்த மரணம் தொடர்பில் படையினர் நால்வர் கைதாகினர். கட்டாயப்படுத்தும் அதிகாரம் நீதிமன்றத்திடம், காவல் படையினரிடம் என்றிருந்தால் நடுவில் சிகிச்சை காணாமல்போகிறது. இத்தகைய தடுப்பு நிலையங்களை மூடும்படி ஐ.நா. அமைப்புகள் 2012இலேயே கூட்டாகக் கேட்டிருந்தன.

ஆகவே புதிய பெயர்ப்பலகை மாட்டுவது மட்டும் போதாது. கண்டி மாவட்டத்தில் ஒரு நீதிமன்றத்திலாவது இதைப் பரீட்சித்துப் பார்க்கலாம். அதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும்: சிகிச்சை சுகாதாரத் துறையின் கையில் இருக்க வேண்டும், தோட்டத்துப் பிள்ளையோடு தமிழில் பேசும் ஆலோசகர் வேண்டும், தோற்றவருக்குக் கூடுதல் தண்டனை கூடாது. இவை இல்லாத போதைப்பொருள் நீதிமன்றம் சிறைக்குப் போகும் இன்னொரு வாசலாகவே இருக்கும்.