கடல்மல்லையில் இரு மொழி மரபு

கடல்மல்லை எனப்படும் மாமல்லபுரத்தின் சிற்பத்தைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அதன் இலக்கிய மரபைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அந்தக் குறை எனக்கு நெடுநாள் வருத்தம்.

பல்லவர் காலத்தில் இந்தக் கரையில் இரு மொழிகளில் கவிதை வளர்ந்தது. பாறையில் ஏறியது வடமொழி. சாளுவன்குப்பத்து அதிரணசண்ட மண்டபத்தில் சுலோகங்கள் ஒரு சுவரில் கிரந்தத்திலும் எதிர்ச்சுவரில் நாகரியிலும் உள்ளன. கணேச ரதத்துக் கல்வெட்டு, அரசனையும் சிவனையும் ஒரே சொல்லால் சுட்டும் சிலேடை. கற்றவர் நின்று நிதானித்துப் படிக்க வேண்டியது. தமிழ் வேறு வழியில் சென்றது. மாமல்லபுரத்துப் பூதத்தாழ்வார் வெண்பாக்களை அந்தாதியாகத் தொடுத்தார். ஒரு பாட்டின் முடிவே அடுத்ததை எடுத்துக் கொடுப்பதால் ஏடு இல்லாமலும் பாடலாம். திருமங்கையாழ்வார் தலசயனத்துப் பெருமாளுக்கு இரண்டு திருமொழிகள் பாடினார்.

இவற்றை எடைபோட அளவுகோல் தந்தவர் காஞ்சியில் வாழ்ந்த தண்டி. பள்ளிகொண்ட திருமாலின் ஒடிந்த கையை லலிதாலயர் என்ற சிற்பி பொருத்தியிருந்த நேர்த்தியைக் காண மல்லைக்கு வந்ததை அவர் 'அவந்திசுந்தரி கதை'யில் சொல்கிறார். பொருத்து வேலையின் நுட்பம் தேடி வந்த அதே கண்தான் 'காவியாதர்சம்' என்ற அணியிலக்கண நூலில் சொற்களின் இணைப்பையும் ஆராய்கிறது. வைதர்ப்பம், கௌடம் என்று அவர் இரு நெறிகளைப் பிரிக்கிறார். தெளிவு, இனிமை முதலான பத்துக் குணங்களும் வைதர்ப்பத்தின் உயிர். கௌடம் செறிந்த தொகைகளையும் ஆரவாரத்தையும் விரும்பும். தண்டியின் மனம் வைதர்ப்பத்தின் பக்கம். என் மனமும் அங்கேதான்.

காவியாதர்சம் கன்னடத்துக்கும் சிங்களத்துக்கும் திபெத்துக்கும் போனது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் 'தண்டியலங்கார'மாகத் தமிழுக்கு வந்தது. ஐரோப்பாவிலும் இப்படி நடந்ததுண்டு. இத்தாலியரின் பதினான்கடிப் பாட்டான சானெட்டைப் போஸ்கானும் கார்சிலாசோவும் ஸ்பானியத்தில் வேரூன்றச் செய்தார்கள். இருவர் கவிதைகளும் 1543இல் ஒரே நூலாக வந்தன. வயட்டும் சர்ரேயும் சானெட்டை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1557இல் டாட்டெல் வெளியிட்ட தொகுப்பு அதைப் பரப்பியது. ஆங்கிலத்தில் சர்ரே இயைபு அமைப்பையே மாற்றிக்கொண்டார். வாங்கிய வடிவம் சொந்தமாவது இத்தகைய துணிவால்தான்.

தண்டியலங்காரத்துக்கும் அந்தத் துணிவு உண்டு. சுலோகம் இருந்த இடத்தில் பெரும்பாலும் வெண்பா வந்தது; எடுத்துக்காட்டுகளில் அனபாயச் சோழன் வந்தான். இன்று பத்தாம் வகுப்பில் அந்நூல் சொல்லும் தற்குறிப்பேற்ற அணி நடத்தும் செங்கல்பட்டு மாவட்டத்து ஆசிரியர்கள், தண்டி மல்லைக்கு வந்த கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.