கதாநாயகன் எந்தத் தெரு?

இந்தக் காலத்து இளைஞர்களுக்கு அரசியலும் கிடையாது, லட்சியமும் கிடையாது என்பது நாற்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் அபிப்பிராயம். நானும் நாற்பதைத் தாண்டியவன்தான். நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். சென்ற மாசியில் வ. புதுப்பட்டிக்குப் போய் வந்த பிறகு, அப்படிச் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது.

வத்திராயிருப்புப் புதுப்பட்டி என்பதைத்தான் வ. புதுப்பட்டி என்று சுருக்கிவிட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், நெல்லும் தென்னையுமாக இருக்கிற பூமி. உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்காக ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் வேலை பார்க்கிற இளைஞர் ஒருவர் வந்து அறிமுகம் செய்துகொண்டார். வயது இருபத்தேழு இருக்கும். என் நாவல் ஒன்றைப் படித்திருந்தார். எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க அண்ணாச்சி. ஆனா அந்தப் பையன் எந்தத் தெருன்னு கடைசி வரைக்கும் சொல்லலியே?"

என் நாவலின் கதாநாயகன் ஒரு மாணவர் தலைவன். ஊழலை எதிர்த்து ஊர்வலம் போகிறான், உண்ணாவிரதம் இருக்கிறான், சிறைக்கும் போகிறான். இளைஞர் சாதியை விசாரிக்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. "அவன் ஒரு மனிதன் தம்பி. தெரு எதற்கு?" என்றேன், சற்று விறைப்பாகவே.

அவர் சிரித்தார். "தெரு இல்லாத மனுசன் யாரு அண்ணாச்சி இருக்கா? அவன் ஊர்வலம் போறத எழுதுனீங்க. ஊர்வலம் முடிஞ்சு வீட்டுக்குப் போறத எழுதலியே."

அந்த நாவலுக்குப் பத்திரிகைகளில் வந்த விமரிசனங்களை நான் கத்தரித்து வைத்திருக்கிறேன். நடை நன்றாயிருக்கிறது என்றும், பிற்பகுதி இழுக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். இந்தக் குறையை ஒருவரும் சொல்லவில்லை. பஸ் வருவதற்குள் அந்த இளைஞர் வேறொரு சமாசாரமும் சொன்னார். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், அவருடைய கேள்வி எனக்குள் கிளறிவிட்டவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வட்டாரத்து இளைஞர்களின் அரசியல் என்றதும் பெரியவர்கள் 1967-ஐத்தான் எடுப்பார்கள். 1965-ல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி நடந்தபோது என் தகப்பனார் எஸ்.எஸ்.எல்.சி. மாணவர். ஊர்வலத்தில் போய்த் தொண்டை கட்டிக்கொண்டு வந்ததைச் சாகும்வரை பெருமையாகச் சொல்லுவார். இரண்டு வருஷம் கழித்துத் தேர்தல் வந்தது. விருதுநகரில், அந்தக் கிளர்ச்சியில் முன்னின்ற மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் காமராஜர் 1,285 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். என் தகப்பனாருக்கு அதில் ஓட்டுக்கூடக் கிடையாது; அப்போது ஓட்டுரிமைக்கு இருபத்தொரு வயது நிறைய வேண்டும். பதினெட்டு என்று ஆனது 1989-ல்தான்.

பள்ளிக்கூடம் திறந்து மதிய உணவும் போட்டவரை, அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகளே தோற்கடித்தார்களே என்று இன்றைக்கும் அங்கலாய்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. பிள்ளையைப் படிக்கவைத்த தகப்பன், அந்தப் பிள்ளை எதிர்த்துப் பேசும்போது வருந்தலாம், ஆச்சரியப்படக் கூடாது. அந்த இளைஞர்களுக்குக் கொள்கை இருந்தது, துணிச்சல் இருந்தது. எங்கள் கதாநாயகர்களை எல்லாம் நாங்கள் அவர்களைப் பார்த்துத்தான் வார்த்தோம்.

ஆனால் இதே மாவட்டத்தில் காமராஜர் இன்னொரு முறையும் தோற்றார். அதை யாரும் மேடையில் பேசுவதில்லை. 1985-ல் உருவான எங்கள் மாவட்டம் காமராஜர் பெயரைத் தாங்கியிருந்தது. 1997-ல் இங்கே புதிதாக ஏற்பட்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மனின் தளபதிகளில் ஒருவர் அவர். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர் என்பதற்காக, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஒரு சாரார் கிளம்பினார்கள். கலவரம் மூண்டது. கடைசியில், போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் எந்தத் தலைவரின் பெயரும் வேண்டாம் என்று அரசாங்கம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமாயிற்று. முப்பது வருஷத்துக்கு முன் ஓட்டுப் பெட்டியில் தோற்றவர், இந்தத் தடவை ஒரு பஸ்ஸின் பெயர்ப் பலகையில் தோற்றார்.

அந்த வருஷம் எனக்குப் பதினேழு வயது. அந்தப் பஸ் வந்து நின்றது. என் தெருப் பையன்கள் ஏறவில்லை, நானும் ஏறவில்லை. எனக்கு அதில் கோபமும் கிடையாது, கொள்கையும் கிடையாது. ஏறியிருந்தால் மறுநாள் தெருவில் தலைகாட்ட முடியாது, அவ்வளவுதான். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் ஒருவன் அதில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வாடா என்று கையை ஆட்டினான். நான் பார்க்காதவன்போல் நின்றேன். பிறகு கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டேன், கதை எழுத வந்தேன், அரசியல் நாவல் எழுதினேன். அதில் பஸ் வருகிறது. அந்தப் பஸ் வரவில்லை.

இப்போது புதுப்பட்டி இளைஞர் சொன்ன சமாசாரத்துக்கு வருகிறேன். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக அலங்காநல்லூரிலும், மதுரைத் தமுக்கத்திலும், சென்னை மெரினாவிலும் பிள்ளைகள் கூடினார்களே, அதில் இவரும் சிநேகிதர்களோடு தமுக்கத்துக்குப் போயிருக்கிறார். அரசியல்வாதிகளை அண்டவிடாமல், அவர்கள் பாட்டுக்கு ராப்பகலாக உட்கார்ந்திருந்த போராட்டம் அது. சட்டசபையில் சட்டம் நிறைவேறியது.

"மூணு நாளும் ஒரே பொட்டலத்தைப் பிரிச்சு அஞ்சு பேரு சாப்பிட்டோம் அண்ணாச்சி. திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்குனோம். அவனவன் தெருவுக்குப் போயிட்டோம். எங்க ஊருன்னு இல்ல, இந்தச் சுத்துவட்டாரமே அப்படித்தான். அப்ப என் கையில கயிறு இருந்துச்சு. அவன் கையில வேற கலர். இப்ப நான் அவுத்துட்டேன். ஆனா இன்னைக்கு வரைக்கும் அவன் வீட்டுல உக்காந்து சாப்பிட்டதில்ல."

கயிறு என்று அவர் சொன்னது, சாதிக்கு ஒரு நிறமாக மாணவர்கள் மணிக்கட்டில் கட்டுகிற கயிற்றை. அதைத் தடுக்கும்படி 2019-லேயே பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை விட்டது. அதற்கும் எதிர்ப்பு எழுந்தது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், கூடப் படித்த பையன்களே ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழுவும் 2024-ல் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிற்றைத் தடை செய்யச் சொன்னது.

ஆகவே, இளைஞர்களுக்கு அரசியல் இல்லை என்ற பேச்சு தப்பு. அவர்களுக்கு இரண்டு அரசியல் இருக்கிறது. ஒன்று மைதானத்தில் கூடுவது. மற்றொன்று தெருவுக்குத் திரும்புவது. முதலாவதை நாம் கைதட்டி வரவேற்கிறோம். இரண்டாவதை நாம்தான் கற்றுக்கொடுத்தோம் என்பதால், பார்க்காதவர்போல் நிற்கிறோம். 1965-ன் பிள்ளைகளுக்கும் தெரு இருந்திருக்கும். என் தகப்பனார் ஊர்வலத்தைப் பற்றி நூறு தடவை சொன்னார். வீடு திரும்பியதை ஒரு தடவையும் சொன்னதில்லை.

பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைப் போடாதது தமிழ்நாட்டின் நல்ல பழக்கம். நான் அதை ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். ஆனால் நாவலாசிரியர்கள் அந்த நல்ல பழக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். கற்பனையாக ஓர் ஊரும் பொதுவாக ஒரு பெயரும் வைத்துவிட்டால், யார் மனமும் புண்படாது, பத்திரிகைக்கும் தொல்லையில்லை. தெருவை எழுதினால் சாதிப் பெருமை வளராதா என்று வாசகர்கள் கேட்கலாம். தெருவைப் புகழ்ந்து பாடச் சொல்லவில்லை. அந்தத் தெருவில் நுழையும்போது, மேடையில் முழங்கியவனின் குரல் ஏன் தணிகிறது என்று காட்டச் சொல்லுகிறேன். கயிற்றை அவிழ்த்தவன் இன்னும் எந்த வாசற்படியில் தயங்குகிறான் என்று எழுதினால், அதுதான் அரசியல் நாவல். அதை அந்த மில் தொழிலாளி டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டார். முந்நூறு பக்கத்தில் எனக்குச் சொல்ல முடியவில்லை.

அந்த நாவலின் அடுத்த பதிப்புக்கு முன்னுரை கேட்டிருக்கிறார்கள். கதையை இனி மாற்ற முடியாது. கதாநாயகன் எந்தத் தெரு என்பதை மட்டும் முன்னுரையில் எழுதிவிடலாம் என்றிருக்கிறேன். அவன் என் தெரு.